இரவுச் சாப்பாடும் தாயின் நேரமும்

போசாக்கு பற்றிய வகுப்புகள் நமது தோட்டங்களில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. சுவரில் படத்தைத் தொங்கவிட்டு, உடலை வளர்க்கும் உணவு, சக்தி தரும் உணவு, நோயைத் தடுக்கும் உணவு என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். இவ்வகுப்புகள் தேவையானவையே. ஆனால் வகுப்பு முடிந்து எழும்போது தாய்மார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதையெல்லாம் எப்போது சமைப்பது?

இக்கேள்விக்குச் சரியான பதில் சொல்லாதவரை நமது போசாக்குக் கல்வி சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இக்கட்டுரையில் வேலை நாட்களின் இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கலகெதரப் பகுதியில் கிடைக்கும் பசுமையான பொருட்களைக் கொண்டு, ஏறக்குறைய 40 நிமிடங்களில், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வயிறாரவும் சத்தாகவும் உண்பது எப்படி என்பதே நமது விடயம்.

தாயின் ஒரு நாள்

கலகெதர, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் வீதியில் உள்ளது. மலைநாடு தாழ்ந்து தென்னை நாட்டைத் தொடும் இடம் இது. தேயிலையும் இறப்பரும் மிளகும் கராம்பும் தென்னையும் அடுத்தடுத்து வளர்கின்றன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழ்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவள் விடியற்காலை நான்கு, நான்கரை மணிக்கே எழுந்துவிடுகிறாள். காலைச் சாப்பாட்டையும் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதையும் ஆயத்தம் செய்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கும், கைக்குழந்தையைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திற்கும் அனுப்புகிறாள். பின் பிரட்டுக்குப் போய் மலையேறுகிறாள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வழியில் கிடைக்கும் விறகையும் சேர்த்துக்கொண்டு லயத்துக்கு வரும்போது ஐந்தரை மணியாகிவிடுகிறது. தண்ணீர் எடுக்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். அடுப்பு மூட்டும்போது மணி ஆறரை. எட்டு மணிக்குச் சிறு பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு எது இலகு? கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுவது இலகு. ஒரு சம்பல் அரைத்தால் போதும். அல்லது மதியம் மிஞ்சிய கறியைச் சுடவைத்தால் போதும். எனவே ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீரும் இரவுச் சாப்பாடாகிவிடுகின்றன. இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். கையில் உள்ள நேரத்துக்கும் பணத்துக்கும் ஏற்ப அவள் எடுக்கும் முடிவு அது.

மா வந்த வழி

நமது முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது கோதுமை ரொட்டியைக் கொண்டுவரவில்லை. அக்காலத் தோட்டங்களில் அரிசியே கொடுக்கப்பட்டு, அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அந்த அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 இல், பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு தடைப்பட்டது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா அதன் இடத்துக்கு வரத் தொடங்கியது. பின்னர் வெளிநாட்டு உணவு உதவியாகவும் மா வந்தது.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாட்டை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. பங்கீடு வெட்டப்பட்டது. தோட்டங்களில் பசியால் வாடியவர்கள் பலர், இறந்தவர்களும் உண்டு. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா தாராளமாகக் கிடைத்தது. அரிசியைவிட மலிவாக, விரைவாக வயிற்றை நிரப்பும் பொருளாக அது லயத்து அடுப்படியில் நிலைத்துவிட்டது.

ஆனால் கோதுமை நமது நாட்டில் விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வரவேண்டும். அதன் விளைவை 2022 இல் கண்டோம். டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது மாவின் விலை பல மடங்கானது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் முந்திய ஆண்டோடு ஒப்பிடும்போது 90 சதவீதத்தையும் தாண்டியது. கப்பலையே நம்பிய அடுப்படிகள் அணைந்த அந்த மாதங்களில், கலகெதரப் பக்கத்துக் கிராமங்களில் பலரைக் காப்பாற்றியவை பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியுமே.

உடல் கேட்பது என்ன?

2016 இல் நடத்தப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் இது 31.7 சதவீதம். அதாவது நமது பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை. இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்பது மிகக் கடினம். தாய்மாரிடையே குருதிச்சோகையும் பரவலாக உண்டு. மலையேறும்போது மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் வயதினால் மட்டும் வருவன அல்ல.

ரொட்டியும் சம்பலும் பசியைத் தீர்க்கின்றன. கோதுமை மாவில் அரிசியைவிடச் சற்றுக் கூடுதலாகவே புரதம் உண்டு. ஆனால் தானியப் புரதம் தனித்து நின்றால் அரைகுறையானது. பருப்பு, பயறு, கௌபி போன்ற அவரை இனங்களோடு சேரும்போதுதான் அது நிறைவடைகிறது. சோறும் பருப்பும் என்று நம் பாட்டிமார் சேர்த்து வைத்தது சரியான சேர்க்கை. நூறு கிராம் மைசூர் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கோழி முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்.

அடுத்தது இரும்புச்சத்து. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் முழுவதும் எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டில் உயிர்ச்சத்து சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே கீரையை இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். சமைக்கும்போதே பிழிந்தால் சூட்டில் அச்சத்தின் ஒரு பகுதி அழிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, தேத்தண்ணீரில் உள்ள சாயச்சத்து இரும்பைத் தடுக்கிறது. உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் நமது மக்கள், சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

மூன்றாவது, கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டிய உயிர்ச்சத்து ஏ. கடும் பச்சைக் கீரைகளிலும் பூசணி, கரட், பப்பாளி போன்றவற்றிலும் அதற்கான சத்து உண்டு. சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் உடல் அதை ஏற்கும். கீரைச் சுண்டலில் துருவிய தேங்காய் போடும் வழக்கம் ருசிக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

இவற்றைச் சுருக்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஓர் எளிய விதி கிடைக்கும். வயிற்றை நிரப்ப ஒன்று, தசையை வளர்க்க ஒன்று, பச்சையாக ஒன்று. சோறு, ரொட்டி, கிழங்கு, பலா என்பன முதலாவது. பருப்பு, பயறு, முட்டை, மீன், கருவாடு என்பன இரண்டாவது. கீரை அல்லது காய்கறி மூன்றாவது. மூன்றும் தட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அதற்குமேல் கணக்கு வேண்டாம்.

கலகெதரவில் என்ன கிடைக்கிறது?

பசுமையான உணவு என்றவுடன் நுவரெலியாவின் கரட்டையும் லீக்ஸையும் கோவாவையும் நினைக்கிறோம். அவை நல்லவை. ஆனால் லொறியில் ஏறி, மொத்தச் சந்தைக்குப் போய், மீண்டும் கடைக்கு வரும்போது வாடியும் விலையேறியும் விடுகின்றன. கலகெதரவின் வெப்பத்திலும் மழையிலும் கைக்கெட்டிய தூரத்தில் வளர்பவை வேறு.

முதலில் பலா. பிஞ்சைக் கறியாக்கலாம், முற்றிய காயைச் சோற்றுக்குப் பதிலாக அவிக்கலாம், பழத்தைப் பிள்ளைகள் உண்ணலாம், கொட்டையைக் காயவைத்து மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கலாம். ஒரே மரம் நான்கு வகை உணவைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உணவுக்காக வெளிநாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்த பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் என்பவர் நாடெங்கும் பலாக்கன்றுகளை நடுவித்தார். சிங்கள மக்கள் அவரை இன்றும் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று நினைவுகூருகிறார்கள். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதியின்றிப் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டத் தடை விதித்தது. உணவு தரும் மரத்தைச் சட்டமே காத்து நிற்கிறது.

அடுத்து ஈரப்பலாக்காய், மரவள்ளி, வாழைப்பூ, வாழைக்காய், பூசணி, பப்பாளிக்காய், பயிற்றங்காய். கீரைகளில் முருங்கை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி, ஓடையோரத்துக் கங்குன். குருநாகல் பக்கத்து வரண்ட நிலங்களில் பயறும் கௌபியும் விளைகின்றன. மைசூர் பருப்பும் மாவைப் போலக் கப்பலில் வருவதே. ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது பருப்பின் இடத்தில் பயறு வந்தால் அந்தப் பணம் நம் நாட்டு விவசாயிக்குப் போகும்.

கீரையைப் பறித்த அன்றே சமையுங்கள். முதலில் கழுவி, பிறகு அரியுங்கள். அரிந்தபின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் அடுப்பில் வைக்க வேண்டாம். ஓடைக் கங்குனை எடுக்கும்போது அத்தண்ணீரில் லயத்துக் கழிவோ தோட்டத்துக் களைநாசினியோ கலக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ஐந்து இரவுகளுக்கு ஐந்து சாப்பாடு

கீழே உள்ள அளவுகள் பெரியவர் இருவரும் பிள்ளைகள் மூவரும் கொண்ட குடும்பத்துக்குரியவை.

*1. சோறு, முருங்கைக்கீரைப் பருப்பு, தேங்காய்ச் சம்பல்.* அரிசி 500 கிராம், மைசூர் பருப்பு 150 கிராம், உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி, தேங்காய் ஒன்று. சோற்றை ஓர் அடுப்பில் ஏற்றிவிட்டு, மற்றதில் பருப்பை மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு வேகவையுங்கள். பருப்பு மலர 20 நிமிடம் போதும். பாதித் தேங்காயின் பாலை விட்டு, உப்பிட்டு, ஒரு கொதி வந்ததும் கீரையைப் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். மற்றப் பாதித் தேங்காயில் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துச் சம்பல் அரையுங்கள். மொத்தம் 40 நிமிடம்.

*2. கீரை ரொட்டியும் முட்டையும்.* ரொட்டியைக் கைவிடச் சொல்லவில்லை. அதைச் சத்தாக்கிக்கொள்வோம். கோதுமை மா 400 கிராமுடன் குரக்கன் மா 100 கிராம், பாதித் தேங்காயின் துருவல், பொடியாக அரிந்த முருங்கையிலை அல்லது வல்லாரை இரண்டு கைப்பிடி, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து தட்டுங்கள். தக்காளியும் வெங்காயமும் வதக்கி, நான்கு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் கறி ஆயிற்று. முட்டை இல்லாத நாளில் மதியத்துப் பருப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை நன்றாகக் கொதிக்கவைத்தே பரிமாற வேண்டும். நேரம் 35 நிமிடம்.

*3. ஈரப்பலாக்காய்க் கறி, நெத்தலிப் பொரியல், வல்லாரைச் சம்பல்.* நடுத்தரக் காய் ஒன்றைத் தோல் சீவித் துண்டாக்கி, மஞ்சள், வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்து இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவையுங்கள். 20 நிமிடத்தில் வெந்துவிடும். கடைசியில் முதற்பாலை விட்டு இறக்குங்கள். 100 கிராம் நெத்தலிக் கருவாட்டை இருமுறை கழுவி உப்பைக் குறைத்து, வெங்காயத்தோடு பொரித்தெடுங்கள். முள்ளோடு உண்ணும் இச்சிறு மீன் பிள்ளைகளின் எலும்புக்கு உறுதி தரும். பச்சை வல்லாரையை அரிந்து தேங்காயும் தேசிக்காயும் சேர்த்தால் சம்பல். அன்று அரிசி பாதியளவு போட்டால் போதும்.

*4. பயற்றுச் சோறும் கட்டச்சம்பலும்.* காலையில் வேலைக்குப் போகுமுன் 150 கிராம் பயற்றைத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள். மாலையில் அந்தப் பயற்றைத் தனியே பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அதே பானையில் 400 கிராம் அரிசியையும் தண்ணீரையும் சேர்த்து வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்துக் கிளறுங்கள். ஊறாத பயறு வேக எடுக்கும் நேரத்தையும் விறகையும் காலையில் செலவிடும் ஒரு நிமிடம் மிச்சப்படுத்துகிறது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்த கட்டச்சம்பலும், ஒரு சட்டி கங்குன் அல்லது பூசணியும் கூடவே. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்ணும் சைவக் குடும்பங்களுக்கும், இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இது ஏற்றது.

*5. மரவள்ளிக்கிழங்கு, சிறு மீன் குழம்பு, கீரை.* கிழங்கைத் தோண்டிய அன்றே சமைக்க வேண்டும். மரவள்ளியில் இயற்கையாகவே ஒருவகை நச்சுத்தன்மை உண்டு. தோலை முழுவதும் நீக்கி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் பாத்திரத்தைத் திறந்தபடி நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பயமில்லை. நீலம் பாய்ந்த கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் வீசிவிடுங்கள். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. ஆகவே மரவள்ளியும் சம்பலும் மட்டும் என்று நிறுத்திவிடக் கூடாது. சூடை, சாளை போன்ற மலிவான சிறு மீன் கிடைக்கும் நாளில் புளி விட்டு ஒரு குழம்பு வைத்தால் சாப்பாடு நிறைவாகும். மீன் இல்லையேல் கௌபியை ஊறவைத்து அவித்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில், மிளகாய் சேர்க்குமுன் குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். மசித்த சோறும் பருப்பும் கீரையும், ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நல்ல உணவு. தாய்ப்பாலையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

அடுப்பும் நேரமும்

மேலே சொன்ன நேரக் கணக்கு இரண்டு சட்டி ஒரே நேரத்தில் வெந்தால்தான் பொருந்தும். மூன்று கல் அடுப்பில் ஒரு சட்டிதான் வேகும். வெப்பத்தின் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகும். 1980 களில் நமது நாட்டில் உருவாக்கப்பட்ட 'அனகி' மண்ணடுப்பில் ஒரே தீயில் இரண்டு சட்டி வைக்கலாம். அனகி என்ற சிங்களச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்று பொருள். முன்வாயில் சோறும் பின்வாயில் பருப்புமாக ஏற்றிவிடலாம், விறகும் குறைவாகச் செலவாகும். அடுப்பைச் சுற்றிக் களிமண் பூசினால் நீண்டகாலம் உழைக்கும். புகை வெளியேற ஒரு திறப்பு அவசியம். லயத்தின் இருட்டு அடுப்படியில் புகையைச் சுவாசிப்பவர்கள் தாயும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையுமே.

இனி ஆட்களின் கணக்கு. 40 நிமிடம் என்பது ஒருவர் தனியே செய்யும் வேலையானால் அது 80 நிமிடமாகும். தேங்காய் துருவுவதற்குப் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. கீரை உருவப் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். தகப்பனும் தோட்டத்திலிருந்துதான் வருகிறார், அவருக்கும் களைப்பு உண்டு. ஆனால் பல இடங்களில் ஆண்களின் வேலை பெண்களுடையதைவிட முன்னதாகவே முடிகிறது. அந்த நேரத்தில் விறகு பிளந்து, தண்ணீர் பிடித்து, பலாக்காயை வெட்டி வைத்தால், தாய் வந்து அடுப்பு மூட்டுவது மட்டுமே மிச்சம். பலாப்பாலில் கை ஒட்டாமலிருக்கக் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொள்ளட்டும்.

வேறொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வீடுகளில் தகப்பனுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் முதலில் பரிமாறி, மிஞ்சியதைத் தாய் உண்கிறாள். முட்டையும் மீனும் அவளுடைய தட்டுக்கு வருவதில்லை. கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் இதுவே வழக்கம். குருதிச்சோகையுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கும் ஆபத்து அதிகம். அந்தக் குழந்தைதான் பிறகு புள்ளிவிபரத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளையாகச் சேர்கிறது. ஆகவே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, சட்டியில் உள்ளதை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டு உண்பது மரியாதை மட்டுமன்று, மருந்தும்கூட.

காணியும் சம்பளமும்

சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. முட்டை வாங்கப் பணம் வேண்டும், முருங்கை நட நிலம் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021 இல் 1,000 ரூபாவானது. மறு ஆண்டே விலைவாசி அதைக் கரைத்துவிட்டது. 2024 இல் 1,350 ரூபாவாக்கப்பட்டது. வாரத்தில் எல்லா நாளும் வேலை கிடைத்தால்தான் சம்பளமும் முழுமையாகக் கைக்கு வரும்.

காணி அதைவிட அடிப்படையானது. லயத்தின் முன்னால் உள்ள முழ நிலம் தன்னுடையதல்ல என்று தெரிந்தவர் கீரை விதைப்பார், ஆனால் பலாக்கன்று நடமாட்டார். காய்க்கும்வரை அங்கே இருப்போமா என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டத்தின் கீழ் வீடு பெற்றவர்கள் நம்மிடையே உண்டு, இன்னும் பெறாதவர்களே அதிகம். அந்த 7 பேர்ச்சில் வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு வாழை, வேலியோரம் அகத்தி, கழுவுநீர் ஓடும் இடத்தில் வல்லாரை, மூலையில் நான்கு கோழி என்று வைத்தால், ஐந்து இரவுச் சாப்பாட்டில் மூன்றின் பச்சைப் பொருட்கள் வீட்டிலேயே கிடைக்கும். லயத்தில் இருப்பவர்கள் சாக்குகளிலும் பழைய வாளிகளிலும் கீரை வளர்க்கலாம். முருங்கைத் தடியைத் தோட்ட எல்லையிலும் ஊன்றலாம். இதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தனியாள் கேட்பதைவிடச் சங்கமாகச் சேர்ந்து கேட்பது நல்லது.

1972 இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் ஆரம்பித்த சத்தியோதயம், பல இனத்தவரும் சேர்ந்து மலையக மக்களின் உரிமைகளுக்காக உழைக்கும் இடமாக இருந்தது. சோற்றுப் பானையின் பிரச்சினையையும் உரிமைப் பிரச்சினையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதை அத்தகைய பணிகளிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம். போசாக்கு வகுப்பு நடத்துபவர் காணியைப் பற்றியும் பேச வேண்டும். காணியைப் பற்றிப் பேசுபவர் அடுப்படியையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் செய்து பார்ப்போம்

அப்பம் பலுகிய நிகழ்ச்சி மாலை வேளையில்தான் நடந்தது. நேரமாகிவிட்டது, மக்களை அனுப்பிவிடும், ஊர்களுக்குப் போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று சீடர்கள் சொன்னார்கள். ஆண்டவரோ அவர்களை அனுப்பவில்லை. சீடர்களே உணவு கொடுக்கும்படி சொல்லி, அங்கே இருந்த சிறிதளவைக் கொண்டுவரச் செய்தார். வார்கோதுமை அப்பமும் மீனும் அந்நாளைய ஏழைகளின் சாப்பாடு. கடைக்குப் போவதற்குமுன் கையில் உள்ளதைப் பார், உள்ளதைப் பங்கிடு என்பதே அந்த மாலையின் பாடம். எம்மாவுசிலும் சீடர்கள் அவரை அறிந்துகொண்டது இரவுச் சாப்பாட்டில்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் பற்றிய திருமடலில், உண்ணுமுன்னும் உண்டபின்னும் நன்றி சொல்லும் பழைய வழக்கத்துக்குத் திரும்பும்படி கேட்டுக்கொண்டார். அந்த நன்றியில் கொழுந்து பறித்த கையையும், பயறு விளைத்த அயல் கிராமத்து விவசாயியையும், அடுப்பு ஊதிய தாயையும் சேர்த்துக்கொள்வோம்.

மாதர் சங்கங்களுக்கும் அன்பியக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இக்கட்டுரையை வாசித்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஐந்து சாப்பாட்டையும் செய்து பாருங்கள். தாய்மார் மட்டும் வந்தால் போதாது, தகப்பன்மாரும் வரட்டும். எத்தனை நிமிடம் பிடித்தது, எவ்வளவு செலவானது, பிள்ளைகள் எதை விரும்பினார்கள், எதை ஒதுக்கினார்கள், யார் யார் வேலை செய்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்களிடம் பலாப்பிஞ்சுக் கறியின் பக்குவத்தைக் கேளுங்கள். நமது முருங்கைக்கீரைப் பருப்பை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முருங்கைத் தடியாவது ஊன்றட்டும். அது துளிர்க்கச் சில வாரங்களே போதும்.